சிறைமதிலும் அதன் வெளியும்: மலைநாட்டுச் சிறைத் திட்டமிடல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கண்டி நகரின் போகம்பறைச் சிறைச்சாலை 1876ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் 16ஆம் இலக்கச் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. கோப்பிப் பயிர்ச்செய்கை மலைநாட்டில் பரந்து நின்ற காலம் அது. இச்சிறையின் வரலாற்றைத் தோட்டத் தொழிலுறவுகளின் வரலாற்றினின்று பிரித்து நோக்கின் எஞ்சுவது வெறும் கட்டட வருணனையே.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிற் கட்டளைச் சட்டம், முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்கும் தொழிலாளியைக் குற்றவாளியாக்கியது; மூன்று மாதம் வரையிலான கடூழியச் சிறைக்கும் அதில் இடமிருந்தது. கண்காணியிடம் பட்ட கடனோடு தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளிக்கு இதன் பொருள் யாதென விளக்க வேண்டியதில்லை. கடனே விலங்காக இருந்தது; அதை அறுக்க முயன்றவனுக்குச் சிறை காத்திருந்தது. தோட்டத் தொழிலாளரைச் சிறையிலிடும் இவ்வேற்பாடு 1921ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. துண்டு முறையும் அவ்வாண்டிலேயே ஒழிந்தது.

சட்டம் நீங்கியபோதும் வறுமைக்கும் சிறைக்குமிருந்த தொடர்பு அறவில்லை. தண்டப்பணம் செலுத்த இயலாமையால் சிறை புகுவோர், தண்டனை பெற்றுச் சிறை புகுவோருட் பெரும் பகுதியினராகப் பல தசாப்தங்கள் நீடித்தனர்.

மதிலுக்கு வெளியே மாற்றுவழி காணும் முயற்சிகளும் நிகழாமலில்லை. 1944ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க நன்னடத்தைக் கட்டளைச் சட்டம் அவற்றுள் முக்கியமானது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை சமுதாய சேவைக் கட்டளைக்கு இடமளித்தது. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் சமுதாயஞ்சார் சீர்திருத்தத்துக்கெனத் தனி நிருவாகத்தையே தோற்றுவித்தது. ஆயின் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி நன்னடத்தைச் சேவை மாகாண சபைகளுக்குரியதாயிற்று. சிறைச்சாலையும் சமுதாயஞ்சார் சீர்திருத்தமும் மத்திய அரசிடம் வெவ்வேறு திணைக்களங்களாக நிலைத்தன. ஒரே குற்றவாளியைப் பற்றி மூன்று அலுவலகங்கள் மூன்று கோப்புகளை வைத்திருக்கும் நிலையில், ஒரு பிரதேசத்துக்கான நீண்டகாலத் திட்டத்தை வகுப்பவர் எவர்?

2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போகம்பறை மூடப்பட்டு, கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டனர். நகரின் மதில் நகர்ப்புறத்துக்குப் பெயர்ந்தது; நெருக்கடி பெயரவில்லை. 2020களில் இலங்கைச் சிறைகள் தம் கொள்ளளவின் இரு மடங்குக்கும் மேற்பட்டோரைக் கொண்டிருந்தன.

திட்டமிடுவோர் பெரும்பாலும் கவனியாத வேறுபாடொன்று இங்குண்டு. தண்டப்பணக் கைதி குறுகிய காலத்தில் வெளியேறுகிறார். ஆண்டு வரவைப் பெருக்கினும் அவர் நாளாந்தத் தொகையை அதிகம் உயர்த்துவதில்லை. அத்தொகையை உயர்த்துவோர் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் விளக்கமறியற் கைதிகளே. நன்னடத்தையும் சமுதாய சேவையும் குற்றத் தீர்ப்பின் பின்னரே வருவன. இவர்களை அவை தொடுவதில்லை. ஆகவே 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் நீதிமன்றங்களில் எவ்வாறு கையாளப்படுகின்றது, பிணையாளியைத் தேடிக்கொள்ள இயலாத தோட்டத் தொழிலாளியின் மகன் எத்தனை மாதம் உள்ளே கிடக்கின்றான் என்பனவும் சிறைத் திட்டத்தின் கணக்கிற் சேரவேண்டியவை. புதிய கட்டடங்களுக்கான மதிப்பீடுகளில் அந்நிரலுக்கு இடமில்லை.