நெய்யைப் பார்த்த சட்டம்

பிரிட்ஜ் எட்டிப் பார்க்காத காலத்திலேயே ஊர்விட்டு ஊர் பலகாரம் அனுப்பியது திருநெல்வேலி. சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டிப் பாலெடுத்து, புளிக்கவிட்டு, சர்க்கரையும் நெய்யுமாகக் கிண்டி இறக்கிய அல்வா ரயிலேறிச் சென்னை போனாலும் கெடுவதில்லை. தண்ணீர் வற்றிச் சர்க்கரை மிகுந்த பண்டத்தில் கிருமி பெருகுவது கடினம். குற்றாலத்துக்குக் கட்டிப்போன புளியோதரைக்குப் புளியும் நல்லெண்ணெயுமே காவல்.

அரசின் கவலையோ கலப்படத்தைப் பற்றித்தான் தொடங்கியது. சென்னை மாகாணம் 1918-இல் கலப்படத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. நாடு முழுமைக்குமான 1954-ஆம் ஆண்டுச் சட்டம் 1955 ஜூன் 1 முதல் அமலானது.

அந்தச் சட்டப்படி கடைக்கு வரும் புட் இன்ஸ்பெக்டர் காசு கொடுத்தே மாதிரி வாங்க வேண்டும். சாட்சி வைத்து, அதை மூன்று பங்காக்கி, புட்டியில் அடைத்துச் சீல் வைப்பார். பால் என்றால் இன்னொரு வேலையும் உண்டு: திரியாமல் ஆய்வகம் போய்ச் சேர, 25 மில்லிக்கு இரண்டு சொட்டு பார்மலின் விட வேண்டும். பிணத்தைப் பதப்படுத்தும் அதே பார்மலின்தான்! அந்தப் பாலில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அளந்துவிடலாம். கிருமி எவ்வளவு இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்லும்படி பெரும்பாலும் யாரும் கேட்கவும் இல்லை.

அல்வாவுக்கும் நெய்க்கும் அந்தப் பார்வை போதும். பாக்கெட் இட்லி மாவு தெருவுக்குத் தெரு வந்தபிறகுதான் போதாமல் போயிற்று. மாவு உயிருள்ள சரக்கு. பிரிட்ஜுக்குள்ளும் மெல்லப் புளித்துக்கொண்டே இருக்கும், சூடு ஏறினால் பாக்கெட் உப்பிப்போகும்.

2006-இல் நிறைவேறிய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5-இல் நடைமுறைக்கு வந்தபோது வெப்பநிலையும் விதிக்குள் நுழைந்தது. குளிர்ச்சியாக விற்கும் உணவு 5 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. சூடாக விற்பது 60-க்குக் கீழே இறங்கக் கூடாது. நல்ல விதிதான், வந்த நேரம்தான் சரியில்லை. மறு ஆண்டே, 2012-இல், சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. ஜெனரேட்டர் வாங்க வசதியில்லாத கடையில் பிரிட்ஜ் வெறும் அலமாரி.

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட சிறுமி இறந்ததும் தமிழ்நாடெங்கும் அசைவ உணவகங்களின் குளிர்பெட்டிகளை அதிகாரிகள் திறந்து பார்த்தார்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை வந்தது.

நெல்லைப் பக்கத்தில் எடுக்கும் மாதிரிகளைச் சோதிக்க பாளையங்கோட்டையில் அரசு உணவுப் பகுப்பாய்வுக்கூடம் இருக்கிறது. இப்போது மாதிரி நான்கு பங்கு. அறிக்கைக்கு 14 நாள் அவகாசம். மாவுப் பாக்கெட்டின் ஆயுளோ சில நாள். அறிக்கை வருவதற்குள் அந்த மாவு தோசையாகித் தீர்ந்திருக்கும். அதனால் மாவுக்கடைச் சோதனையில் அதிகாரி முதலில் தேடுவது பாக்கெட்டில் தேதியும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கிறதா என்பதைத்தான்.