மலை பார்த்த வீடு, கடல் பார்த்த அறை: பாலித் தீவின் விடுதி வரலாறு

ஆசியக் கடற்கரைகளில் இன்று சொகுசு விடுதி என்ற பெயரில் எழும் கட்டடங்கள் பலவற்றுக்கு ஒரே முகம் இருக்கிறது. தனித்தனிச் சிறு வீடுகள், புல் வேய்ந்த சரிவுக் கூரை, மதில் சூழ்ந்த முற்றம், வானம் தெரியும் குளியலிடம், இவற்றுக்கெல்லாம் முன்னால் கடல் என்ற இந்த அமைப்பு, பெருமளவுக்கு 1960-களுக்கும் 1990-களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்தோனேசியாவின் பாலித் தீவில் உருப்பெற்று, அங்கிருந்து பிற நாடுகளுக்குப் பரவியது. இது பாலியரின் மரபு வீட்டிலிருந்து வந்தது என்று விடுதிகள் கூறிக்கொள்வதில் பொய்யில்லை. ஆயினும் அந்த வீட்டிலிருந்து எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்பதில்தான் இதன் வரலாறு அடங்கியிருக்கிறது.

பாலியரின் மரபு வீடு ஒரே கூரையின் கீழ் அமைந்த கட்டடம் அன்று. மதில் சூழ்ந்த ஒரு மனைக்குள், நடு முற்றத்தைச் சுற்றி, 'பலே' எனப்படும் தூண் மண்டபங்கள் தனித்தனியே நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பணி உண்டு. தென்பாலியில் வடக்கு மண்டபம் குடும்பத் தலைவரும் மணமாகாத பெண்களும் உறங்குவதற்கும் மதிப்புள்ள பொருள்களைக் காப்பதற்கும் உரியது. கிழக்கு மண்டபத்தில் பல்லை அராவும் சடங்கு முதல் இறந்தவர் உடலைக் கிடத்துவது வரையான வாழ்வியல் சடங்குகள் நடைபெறும். மேற்கு மண்டபம் விருந்தினருக்கும் இளையோருக்கும். தெற்கே சமையற்கட்டும் நெற்குதிரும். வடகிழக்கு மூலை குலக்கோயிலுக்கு ஒதுக்கப்பட்டது. இந்த ஒழுங்குக்கு அடிப்படை 'காஜா', 'கெலோட்' என்ற இரு திசைகள்: முன்னது அகுங் மலையை நோக்கிய தூய திசை, பின்னது கடலை நோக்கிய தாழ்ந்த திசை. கடல் நீர் தீட்டைக் கழிக்கும் என்பதால் தெய்வத் திருமேனிகளைக் கடற்கரைக்கு எடுத்துச் சென்று நீராட்டும் வழக்கம் உண்டு என்றாலும், குடியிருப்பில் கடற்பக்கம் சமையற்கட்டுக்கும் பன்றிக் கொட்டிலுக்கும் குப்பைக்கும் உரிய பக்கமாகவே இருந்தது. மண்டபங்களின் அளவுகளை 'உண்டகி' எனப்படும் மரபுத் தச்சர் வீட்டுக்காரரின் உடலிலிருந்தே, அதாவது விரித்த கைகளின் நீளம், முழம், அடி ஆகியவற்றைக் கொண்டே, கணக்கிட்டார்.

வெளிநாட்டுப் பயணிகள் கூட்டமாக வரத் தொடங்கிய காலத்தில் இவ்வீட்டை விடுதியாக்கும் எண்ணம் எவருக்கும் எழவில்லை. 1906-இல் பாதுங் அரசும் 1908-இல் குளுங்குங் அரசும் டச்சுப் படையிடம் வீழ்ந்தன. அரச குடும்பத்தினர் துப்பாக்கிகளுக்கு எதிரே நடந்து சென்று மாண்ட 'புபுத்தான்' எனப்படும் அந்நிகழ்வுகள் ஐரோப்பாவில் பெருங்கண்டனத்தை எழுப்பின. பாலியை அழகிய பண்பாட்டுக் காட்சிக்கூடமாக உலகுக்குக் காட்ட டச்சு ஆட்சி முனைந்ததற்கு அந்தக் கறையைத் துடைக்கும் நோக்கமும் ஒரு காரணம் என்பது வரலாற்றாய்வாளர் பலரின் கருத்து. கே.பி.எம். என்ற டச்சுக் கப்பல் நிறுவனம் 1924 முதல் வாரந்தோறும் நீராவிக் கப்பலில் பயணிகளை வடகரையிலுள்ள சிங்கராஜாவில் கொண்டு வந்து இறக்கியது. அவர்கள் மோட்டார் வண்டியில் மலையைக் கடந்து, சுற்றுப்பயணம் செல்லும் அதிகாரிகளுக்காகக் கட்டப்பட்ட 'பசங்கிராஹான்' என்ற அரசு ஓய்வில்லங்களில் இடமிருந்தால் தங்கி, அடுத்த கப்பலில் திரும்பினர். 1928-இல் அதே நிறுவனம் டென்பசாரில் பாலி ஹோட்டலைத் திறந்தது. வெண்சுவரும் வரிசை அறைகளும் கொண்ட அந்தக் காலனிய விடுதியில் விருந்தினருக்குப் பாலி என்பது மாலையில் நடைபெறும் நடனக் காட்சியாக மட்டுமே கிடைத்தது.

இதற்கு மாற்று வழியைத் தொடங்கியவர்கள் விடுதித் தொழிலர் அல்லர். மாஸ்கோவில் பிறந்த ஜெர்மானிய ஓவியர் வால்டர் ஷ்பீஸ் 1927-இல் பாலிக்கு வந்து, உபுத் ஊரையடுத்த சம்புஹான் ஆற்றங்கரையில் உள்ளூர் முறைப்படி மூங்கிலும் புல்லும் கொண்டு வீடு கட்டினார். 1932-இல் வந்த சார்லி சாப்ளின் உள்ளிட்ட பலருக்கு அவரே பாலியை அறிமுகப்படுத்தினார். 1936-இல் ராபர்ட் கோக், லூயிஸ் கோக் என்ற அமெரிக்க இணையர் குத்தா கடற்கரையில் ஓலைக்குடில்களாலான விடுதி ஒன்றைத் தொடங்கியபோது டச்சு விடுதிக்காரர்கள் அதை எள்ளி நகைத்தனர். சுவர் வைத்த அறையிலேயே கண்ணியம் குடியிருக்கிறது என்று நம்பியவர்களுக்கு, பணம் கொடுத்துக் குடிசையில் படுப்பது விளங்காத செயலாகத் தோன்றியதில் வியப்பில்லை. கோக் இணையர் ஹவாயிலிருந்து கற்றுவந்த அலைச்சறுக்கையும் குத்தாவில் அறிமுகப்படுத்தினர். 1942-இல் ஜப்பானியர் வந்ததோடு அம்முயற்சி முடிந்தது.

விடுதலை பெற்ற இந்தோனேசியா ஓலைக்கூரையை நாடவில்லை. பாலியப் பெண்ணின் மகனான குடியரசுத் தலைவர் சுகர்னோவின் கண்ணுக்குப் புதிய நாட்டின் அடையாளம் காங்கிரீட் அடுக்குமாடியாகவே தெரிந்தது. ஜப்பான் அளித்த போர் இழப்பீட்டுப் பணத்தைக் கொண்டு ஜகார்த்தாவில் 1962-இல் ஹோட்டல் இந்தோனேசியா திறக்கப்பட்டது; அதே நிதியில் சானூர் கடற்கரையில் பத்து மாடிகளும் ஏறத்தாழ 300 அறைகளும் கொண்ட பாலி பீச் ஹோட்டல் 1966-இல் எழுந்தது. பெல்ஜிய ஓவியர் லெ மாயோர் தம் மனைவியும் நடனக் கலைஞருமான நி பொலோக்குடன் வாழ்ந்த சிறிய கடற்கரை வீட்டின் பக்கத்திலேயே அந்தப் பெட்டி வடிவக் கட்டடம் நின்றது. அதில் குளிர்பதனமும் மின்தூக்கியும் இருந்தனவே தவிர, விருந்தினர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதற்குச் சன்னலைத் தவிர வேறு சான்று இல்லை. அதன் பின்னர், 1970-களின் தொடக்கத்தில், பாலியில் எந்தக் கட்டடமும் தென்னை மரத்தின் உயரத்தை, அதாவது 15 மீட்டரை, மிஞ்சக் கூடாது என்ற விதி வந்தது. கோயில்களைவிட உயரமாக மனிதர் குடியிருப்பது தகாது என்ற சமய உணர்வும் இதற்குத் துணை நின்றது. மேலே எழும்ப முடியாத விடுதி பக்கவாட்டில் பரவியே ஆக வேண்டும். பரந்த தோட்டத்துக்குள் சிதறிய சிறு வீடுகள் என்ற வடிவம் பிற்காலத்தில் பெருநிறுவனங்களுக்கும் பிடித்துப்போனதற்கு, அழகுணர்ச்சிக்கு நிகராக இந்த விதியும் காரணம்.

அந்த வடிவத்தின் முன்மாதிரி ஏற்கெனவே சானூரிலேயே இருந்தது. விஜா வாவோருந்து என்ற இந்தோனேசியர் 1962-இல் தம் கடற்கரை வீட்டுக்கு வரும் நண்பர்களுக்காக ஒரு சில சிறுவீடுகளைக் கட்டி, அருகிலிருந்த கோயிலின் பெயரால் தஞ்சுங் சாரி என்று அழைத்தார். பவளக்கல் சுவர், மணற்பாதை, கடலோர மண்டபம், வீட்டுக்காரரோடு உணவு என்றிருந்த அந்த இடத்தில் விருந்தினர் வாடிக்கையாளராக அல்லாமல் வீட்டுக்கு வந்தவராகவே நடத்தப்பட்டார். ஆஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃபிரெண்டுடன் சேர்ந்து அவர் பத்துஜிம்பர் என்ற பகுதியில் வீடுகள் அமைக்க முற்பட்டபோது, அவற்றை வடிவமைக்க இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அழைக்கப்பட்டார். பாவா 1969-இல் திறக்கப்பட்ட பெந்தோட்டை பீச் ஹோட்டலில் முற்றத்தையும் ஓட்டுக்கூரையையும் உள்ளூர்க் கைவினையையும் நவீன விடுதிக்குள் கொண்டுவந்திருந்தார். அவருடைய நிறுவனத்தில் பங்காளராக இருந்த பொறியாளர் பூலோகசுந்தரம் ஈழத் தமிழர். மதுரை கிளப் கட்டடமும், சென்னை கன்னிமாரா ஹோட்டலின் 1970-களின் புதுப்பிப்பும் பாவாவின் கைவண்ணமே. ஆகவே பாலியின் பாணி பாலியில் மட்டும் பிறந்தது என்று சொல்வது பொருந்தாது. இந்தியப் பெருங்கடலின் இரு பக்கங்களிலும் சில வீடுகளுக்கும் சில நண்பர்களுக்கும் இடையே அது வளர்ந்தது.

அதை வணிகச் சொகுசாக மாற்றியவர்களுள் ஆஸ்திரேலியக் கட்டடக் கலைஞர் பீட்டர் முல்லர் முதன்மையானவர். பின்னாளில் ஓபராய் நிறுவனத்திடம் சென்ற காயு ஆயா விடுதியை 1970-களில் வடிவமைத்தபோது, அவர் பாலிய மனையின் மதிலை ஒவ்வொரு விருந்தினர் வீட்டுக்கும் தனித்தனியே எழுப்பினார். ஒரு கூட்டுக் குடும்பத்தின் முற்றத்தைச் சுற்றியிருந்த மதில், முன்பின் அறியாத இருவரின் தனிமையைக் காக்கும் மதிலாயிற்று. அவரே வடிவமைத்து 1989-இல் உபுத்துக்கு அருகே ஆயுங் ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் திறக்கப்பட்ட அமந்தாரியில் முப்பது குடில்களே இருந்தன. நீச்சல் குளத்தின் விளிம்பு கீழேயுள்ள படிக்கட்டு வயலின் வரப்பைப் போல வளைந்தது. ஊரார் ஆற்றங்கரைப் புனித ஊற்றுக்குச் செல்லும் பழைய பாதை விடுதிக்குள்ளேயே விட்டுவைக்கப்பட்டது. அமந்தாரியைத் தொடங்கிய ஏட்ரியன் செக்கா இந்தோனேசியாவின் சுகபூமியில் பிறந்து, பத்திரிகைத் துறையிலிருந்து விடுதித் தொழிலுக்கு வந்தவர். அவர் 1988-இல் புக்கெட்டில் திறந்த அமன்புரியும் தமக்கென ஒரு கடற்கரை வீடு தேடியதன் விளைவாகவே தொடங்கியது. சில பத்து அறைகள், அறைக்குப் பல பணியாளர் என்ற அவருடைய கணக்கு, நூற்றுக்கணக்கான அறைகளை நம்பிய அன்றைய விடுதித் தொழிலுக்கு நேர் எதிரானது.

நெற்குதிரின் கதை தனியே சொல்லத்தக்கது. 'லும்புங்' எனப்படும் உயர்ந்த கால்களும் வளைந்த கூரையும் கொண்ட குதிர்களில் பாலியர் நெல்லைக் கதிர்க்கட்டுகளாகவே சேமித்தனர். உயர்ந்து வளரும் பழைய நெல்லை 'அனி-அனி' என்ற சிறு கத்தியால் கதிர் கதிராக அறுத்ததால் அது இயன்றது. பசுமைப் புரட்சியின் குட்டை நெல் வயலிலேயே அடிக்கப்பட்டு மூட்டையாக ஆலைக்குச் சென்றது, குதிர்கள் வெறுமையாயின. ஏறத்தாழ அதே காலத்தில் அதன் வடிவம் பாலியிலும் அண்டைத் தீவான லொம்போக்கிலும் விருந்தினர் படுக்கையறையாக மறுபிறவி எடுத்தது. நெல் இருந்த மேல்தளத்தில் இப்போது கொசுவலை தொங்குகிறது.

இவ்வாறு எடுக்கப்பட்டவற்றின் பட்டியல் நீளமானது. குலக்கோயில், பிணம் கிடத்தும் மண்டபம், பாட்டியின் சமையற்கட்டு ஆகியவை மட்டும் அதில் இல்லை. மேற்கு மண்டபத்துக்கு உரிய விருந்தினர் மனை முழுவதையும் பெற்றுக்கொண்டார். திசையும் புரண்டது: தாழ்ந்த பக்கமாகிய கடற்பக்கமே விலையுயர்ந்த பக்கமாயிற்று. உரிமையாளரின் உடலால் அளக்கப்பட வேண்டிய தூண்களுக்கு, மூன்று இரவுகள் தங்கிப் போகிறவர்களில் யாருடைய உடலை அளவுகோலாகக் கொள்வது என்ற கேள்விக்கு மரபு நூல்களில் விடையில்லை.

இந்த மாற்றத்தைப் பாலியர் வாளாவிருந்து பார்க்கவில்லை. உலக வங்கியின் ஆதரவோடு, பிரெஞ்சு ஆலோசனை நிறுவனம் ஒன்று 1971-இல் முன்வைத்த திட்டம், வறண்ட தென்முனையான நூசா துவாவில் பயணிகளை ஊர்களிலிருந்து ஒதுக்கித் தங்கவைக்கப் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் டென்பசாரில் கூடிய அறிஞர்களும் கலைஞர்களும் சமயத் தலைவர்களும் நடனங்களைக் கோயிலின் உட்பிராகாரத்துக்கு உரியவை, சடங்கையொட்டியவை, பொழுதுபோக்குக்கு உரியவை என்று மூவகைப்படுத்தி, முதல் வகையை விடுதி மேடைக்கு விலக்கினர். ஆயினும் கலை இப்படிக் கோடு கிழித்த இடத்தில் நிற்பதில்லை. கோயில் நடனமான பெண்டெட் வரவேற்பு நடனமாகப் பயன்பட்டதால் மனம் வருந்தியவர்கள், விருந்தினருக்கென்றே 'பன்யெம்ப்ரமா' என்ற புதிய நடனத்தை உருவாக்கினர். காலப்போக்கில் அந்தப் புதிய நடனம் கோயில்களுக்குள்ளும் ஆடப்பட்டது.

1990-களில் எதிர்ப்பு கூர்மையடைந்தது. கடற்பாறைமீது நிற்கும் தானா லோட் கோயிலுக்கருகே சொகுசு விடுதியும் கோல்ஃப் திடலும் கட்டும் திட்டத்துக்கு எதிராக 1993, 1994 ஆண்டுகளில் மாணவரும் பத்திரிகைகளும் போராடினர். இந்து சமய உயர்மன்றம் பெருங்கோயில்களைச் சுற்றிக் குறிப்பிட்ட தொலைவுக்குக் கட்டடம் கூடாது என்ற ஆணையை வெளியிட்டது. விடுதி சில மாற்றங்களோடு கட்டப்பட்டே விட்டது. 'சுபாக்' எனப்படும் உழவர் பாசனக் கூட்டமைப்புகள் 2012-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டபோது, அவற்றின் வயல்களும் நீரும் விடுதிகளுக்கும் வாடகை வீடுகளுக்கும் வேகமாகக் கைமாறிக்கொண்டிருந்தன.

விடுதியில் பணிபுரியும் பாலியர் 'பஞ்சார்' எனப்படும் ஊர்ப் பகுதி அமைப்பின் உறுப்பினராகவும் இருப்பார். சுடலைச் சடங்குக்கும் கோயில் விழாவுக்கும் வராவிட்டால் தண்டம் கட்ட வேண்டும் என்பதால், பணிமுறைப் பட்டியலைப் பாலிய நாள்காட்டியைப் பார்த்தே மேலாளர்கள் தயாரிக்கின்றனர். அந்த நாள்காட்டி விருந்தினரையும் கட்டுப்படுத்தும் நாள் ஒன்று உண்டு. சக ஆண்டுப் பிறப்பாகிய நியெப்பியன்று நெருப்பு, வேலை, பயணம், கேளிக்கை நான்கும் விலக்கப்படுகின்றன. விமான நிலையம் ஒரு நாள் முழுவதும் மூடப்படுகிறது. ஊர்க்காவலர் தெருவில் நடமாடுவோரைத் திருப்பி அனுப்புகின்றனர். கட்டணம் எவ்வளவு செலுத்தியவராயினும் விருந்தினர் விடுதி வளாகத்தை விட்டு வெளியேறிக் கடற்கரைக்குச் செல்ல முடியாது. விடுதிகள் இதற்கும் வழி கண்டிருக்கின்றன. திரையிட்ட அறைகளில் மங்கிய விளக்கு, மூன்று வேளை உணவு, திறந்திருக்கும் நீச்சல் குளம் ஆகியவற்றைச் சேர்த்து நியெப்பிக்கென்றே தனிக் கட்டணத் திட்டங்களை விற்கின்றன; அவற்றை வாங்குவோரில் வெளிநாட்டினரோடு, இருளில் ஒரு நாள் வீட்டில் அடைந்திருக்க விரும்பாத டென்பசார் நகரவாசிகளும் உள்ளனர்.