தே வந்த வழி, சா வந்த வழி

வல்லம் வடகால் சிப்காட்டில் ஷிப்ட் முடியும் நேரம். சாலையோர டீக்கடையில் நம்மூர்ப் பையன் ஒருவன், "அண்ணே, ஸ்ட்ராங்கா ஒரு டீ" என்கிறான். பக்கத்தில் நிற்கும் அசாம் இளைஞர் இரண்டு விரலை நீட்டி "தோ சாய்" என்கிறார். மாஸ்டர் இருவருக்கும் ஒரே துணிப்பையைத்தான் பிழிகிறார்.

பை மட்டுமல்ல, சொல்லும் ஒன்றுதான். சீனத்தில் அதற்கு ஒரே எழுத்து. ஹொக்கியன் பேசும் கடற்கரைக்காரர்கள் அதைத் 'தே' என்று படிப்பார்கள், கான்டன்காரர்கள் 'சா' என்பார்கள். ஹொக்கியன் வணிகர்களிடம் சரக்கெடுத்த டச்சுக்காரர்கள் 'தே'யைக் கப்பலேற்றினார்கள். சீனத்தின் மக்காவுவில் கடைபோட்ட போர்ச்சுகீசியருக்குச் 'சா' வாய்த்தது. தரைவழியே பாரசீகம் போனதும் சாதான். அங்கே 'சாய்' ஆகி இந்திக்கு வந்து, இப்போது இந்த ஒரகடம் சாலை டீக்கடையில் நிற்கிறது.

தமிழில் இந்தத் 'தே' இரண்டு வேஷம் கட்டியிருக்கிறது. ஒன்று தேயிலை. தெலுங்கில் தேயாகு, மலையாளத்தில் தேயில என்று அக்கம்பக்கத்திலும் இதே கட்டுமானம்தான். மற்றொன்று டீ. ஆங்கிலேயரும் முதலில் 'டே' என்றுதான் உச்சரித்தார்கள். அது 'டீ' என்று மாறிய பிறகு நம் கடைக்கு வந்துசேர்ந்தது. ஆக, இலைக்கு ஒரு உச்சரிப்பு, குடிப்பதற்கு வேறு உச்சரிப்பு. மலையாளி இன்னும் கெட்டிக்காரர்: இலையைத் தே வழியில் எடுத்துக்கொண்டு, குடிப்பதைச் சாயா என்று சா வழியில் வைத்துக்கொண்டார்.

தேய்ப்பதால் தேயிலை, சாயம் இறங்குவதால் சாயா என்று விளக்குவோர் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டும் தவறு. தே, இலை இரண்டும் சேரும்போது நடுவில் யகர உடம்படுமெய் வந்திருக்கிறது, அவ்வளவே. பலகைகளில் 'தேனீர்' என்று எழுதுவதும் இந்த ரகம். தேனுக்கு இங்கே வேலையில்லை, அது தேநீர். சரியாக எழுதினாலும் அப்படிக் கேட்டு வாங்கிக் குடிப்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் இலங்கையில் அந்தச் சொல்லுக்கு உயிர் இருக்கிறது: தேத்தண்ணி. பால் இல்லாவிட்டால் வெறுந்தேத்தண்ணி.

நம் கடைகளில் அதற்குப் பெயர் பிளாக் டீ. குழப்பம் இங்கேதான். வியாபாரத்தில் பிளாக் டீ என்பது இலையின் பெயர். பாலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நீலகிரியில் கொழுந்தைப் பறித்து, வாட்டி, உருட்டியோ நசுக்கியோ காற்றில் பரப்பினால், நறுக்கிவைத்த வாழைக்காய் கறுப்பதுபோல அது நிறம் மாறும். ஆக்ஸிஜன் செய்யும் வேலை அது. தொழிற்சாலைகளில் அதை நொதித்தல் என்பார்கள். புளிப்பதும் இல்லை, பொங்குவதும் இல்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. அந்த மாற்றத்தில் பிறக்கும் தியாஃபிளேவின்கள் பளபளப்பும் சுருக்கென்ற துவர்ப்பும் தருகின்றன, தியாருபிஜின்கள் சிவப்பைத் தருகின்றன. எனவே பாலூற்றி ஆற்றிக் குடிப்பவரும் பிளாக் டீயைத்தான் குடிக்கிறார். உலர்ந்த இலையைப் பார்த்து ஆங்கிலேயர் கறுப்பு என்றார்கள். தம்ளரைப் பார்த்துச் சீனர் சிவப்புத் தேநீர் என்றார்கள்.

நல்ல இலை கையில் இருந்தால் பாய்லர் பக்கமே போகவேண்டாம். தளதளவெனக் கொதித்த தண்ணீரை இறக்கி, ஒரு தம்ளருக்கு 2 கிராம் இலை போட்டு, மூடி, 3 நிமிடம் விட்டு வடிகட்டினால் போதும். அடுப்பிலேயே கிடந்து கொதித்தால் மணம் போய்த் துவர்ப்பு மட்டும் தங்கும். பாலும் சர்க்கரையும் அதை மறைக்கத்தான். வடித்தது ஆறும்போது கலங்கினால் கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள். காஃபினும் தியாஃபிளேவினும் கைகோத்துக்கொள்வதால் வரும் கலங்கல் அது, சரக்கு கெட்டி என்பதற்கு அடையாளம்.

உடம்புக்கு? பிரிட்டனில் சுமார் 5 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2022இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 2 கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களிடம் இறப்பு அபாயம் 9 முதல் 13 சதவீதம் குறைவாக இருந்தது. டீதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. சாப்பாட்டோடு குடிக்கும் டீ, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இதே வல்லம் வடகாலில் 2024இல் திறந்த விடுதியில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க இடமுண்டு. இட்லியோடு டீயைச் சேர்க்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால், ரத்தசோகை உள்ளவர்களுக்குக் காசில்லாத உதவி.

"பிளாக் டீ ஒண்ணு" என்றேன். "லெமன் புழியட்டா சார்?" என்றார் மாஸ்டர். வேண்டாம் என்றேன். கண்ணாடித் தம்ளரில் வெயில் பட்டது. அசாம் இளைஞர் எட்டிப் பார்த்துத் தன் கூட்டாளியிடம் சொன்னார்: "லால் சா."

லால் என்றால் சிவப்பு.