ஆறு ஷில்லிங் சம்பளமும் ஒரு விக்டோரியா கிராசும்

முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியப் படையில் சண்டையிட்டவர்கள் எல்லோரும் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பிரிட்டனில் பிறந்தவர்! பிழைப்பு தேடிக் கப்பலேறிப் போய், பண்ணைகளில் பாடுபட்டுக் கொண்டிருந்த இளைஞர்களும் அவர்களில் உண்டு. அப்படி ஒருவர்தான் ஜார்ஜ் கார்ட்ரைட்.

1894-ல் லண்டனில் பிறந்தவர். 1912-ல் தன்னந்தனியாக ஆஸ்திரேலியா போனார். நியூ சவுத் வேல்ஸில், இன்வெரெல் பக்கத்தில் எல்ஸ்மோர் என்ற இடத்தில் ஆட்டுப் பண்ணையில் கூலி வேலை. 1915 டிசம்பரில் பட்டாளத்தில் சேர்ந்தார். 33-வது பட்டாலியன்.

யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. வெளிநாட்டுப் போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு வேண்டுமா என்று ஆஸ்திரேலிய மக்களிடம் 1916-லும் 1917-லும் வாக்கெடுப்பு நடத்தினார்கள். இரண்டு முறையும் மக்கள் 'வேண்டாம்' என்றே சொன்னார்கள். பிறகு ஏன் இத்தனை பேர் போனார்கள்? தேசபக்தி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. பிரிட்டிஷ் சிப்பாய்க்கு ஆரம்பத்தில் நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங்; ஆஸ்திரேலியச் சிப்பாய்க்கு ஆறு. இங்கிலாந்தில் பிறந்தவர்களுக்கோ, சொந்த ஊர்ப் பக்கம் போக இலவசக் கப்பல் பயணமும் சேர்த்துக் கிடைத்தது. 'ஆறு ஷில்லிங் சுற்றுலாக்காரர்கள்' என்று கேலிப் பெயரே இருந்தது. அந்தச் 'சுற்றுலா'வில் சுமார் 60,000 பேர் திரும்பவில்லை என்பது வேறு விஷயம்.

1918 ஆகஸ்ட் 31. பிரான்சில் பெரோன் நகருக்கு அருகே, ரோட் வுட் என்ற காட்டோரம் ஒரு ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கி ஆஸ்திரேலியர்களை நகரவிடாமல் தடுத்தது. கார்ட்ரைட் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. எழுந்து நின்று, தோளில் வைத்த ரைபிளால் சுட்டுக்கொண்டே முன்னேறினார். துப்பாக்கியை இயக்கியவன் விழுந்தான். அந்த இடத்துக்கு வந்த இருவரும் விழுந்தார்கள். அடுத்து ஒரு கையெறி குண்டு. பிறகு பாய்ந்து போய்த் துப்பாக்கியையும் ஒன்பது பேரையும் பிடித்தார். குண்டுகள் பறந்துகொண்டிருந்த இடத்தில் வீரர்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்களாம்!

1919-ல் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கையால் விக்டோரியா கிராஸ் பெற்றார். பிறந்த ஊரிலேயே இவ்வளவு பெரிய மரியாதை. அங்கேயே தங்கியிருக்கலாம். சட்டத்தில் தடையும் இல்லை. ஆஸ்திரேலியக் குடியுரிமை என்று தனியாக ஒன்று வந்ததே 1949-ல்தான், அதுவரை எல்லோரும் பிரிட்டிஷ் பிரஜைகளே. ஆனாலும் அவர் ஆஸ்திரேலியாவுக்கே திரும்பினார். பண்ணைக்கு அல்ல, சிட்னியில் மோட்டார் மெக்கானிக் ஆனார். இரண்டாம் உலகப் போரிலும் சீருடை அணிந்து, கேப்டனாகப் பணியாற்றினார்.

1978-ல் அவர் காலமானார். அவருடைய பதக்கம் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.