4096 வாக்குகளும் ஒன்பதாவது சில்லும்

2003 மே 18. பெல்ஜியத்தில் பொதுத் தேர்தல். பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்திலுள்ள ஸ்கார்பேக் என்ற ஊரில் ஒரு வேட்பாளருக்கு, கணக்குப்படி கிடைக்கவே முடியாத அளவு வாக்குகளைக் கணினி காட்டியது. வாக்காளர்களின் காந்த அட்டைகளை மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். கூடுதலாக விழுந்திருந்தவை சரியாக 4096. நிரலில் பிழை தேடினார்கள், அகப்படவில்லை.

ஒன்றை 12 முறை இரட்டித்தால் 4096. கணினி எல்லா எண்ணையும் 0, 1 என்றே எழுதி வைக்கிறது. அதில் 13-ஆவது இடத்து 0 தானாக 1 ஆகிவிட்டால் 4096 கூடிவிடும். நினைவகத்தில் ஒரு பிட் புரண்டிருக்க வேண்டும் என்றார்கள் நிபுணர்கள். விண்வெளிக் கதிர் செய்த வேலை என்று பலர் எழுதினாலும் அது ஊகம்தான்.

இப்படி நடக்கும் என்பது புதுச் செய்தியல்ல. 1970-இல் இன்டெல் வெளியிட்ட 1103 சில்லு 1024 பிட்களை வைத்திருந்தது. ஒவ்வொரு பிட்டும் துளி மின்னூட்டம், அவ்வளவே. சில்லைப் பொதியும் பொருளில் கலந்திருந்த யுரேனியம், தோரியம் துணுக்குகளின் ஆல்ஃபா கதிரே அந்தத் துளியைக் கலைத்துவிடுகிறது என்று 1978-இல் இன்டெல் ஆய்வாளர்களே கண்டு சொன்னார்கள்.

மருந்து அதற்கு முன்பே இருந்தது. பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங் வார இறுதியில் கணினியிடம் வேலையைக் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு சிறு பிழை வந்தாலும் அது அந்த வேலையைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். தவறு இருப்பதை அறியும் இயந்திரம் அது எங்கே என்றும் அறியக்கூடாதா என்று யோசித்து, 1950-இல் தம் முறையை வெளியிட்டார். கருவூலப் பேரேட்டில் நாங்கள் போட்ட நெடுக்குக் கூட்டல், குறுக்குக் கூட்டல் நினைவிருக்கிறதா? இரண்டும் பிசகினால், பிசகிய வரியும் பத்தியும் சந்திக்கும் கட்டத்தில்தான் தவறு. ஹாமிங்கின் சூத்திரம் வேறு, ஆனால் கருத்து நமக்கு அந்நியமல்ல.

சர்வர்களில் நெடுங்காலம் 64 பிட் தரவுக்கு 8 பிட் சரிபார்ப்பு என்பதே வழக்கமாக இருந்தது. அப்போது வீட்டுக் கணினியின் நினைவகப் பலகையில் 8 சில்லு இருந்த இடத்தில் இங்கே பெரும்பாலும் 9 இருந்தது. ஒரு பிட் புரண்டால் திருத்தும், இரண்டு புரண்டால் கண்டுபிடித்துச் சொல்லும். ஈசிசி என்று விலைப்பட்டியலில் போட்டிருப்பது இதைத்தான். ஓய்வூதியக் கணக்கு ஓடும் இயந்திரத்தில் அதை விட்டுவிட்டுப் பணத்தை மிச்சம் பிடிப்பது எனக்கு உடன்பாடில்லை.

கொள்ளளவு கூடக் கூட இன்னொரு சிக்கல். ஒரே கம்பியில் சில்லுகள் அதிகமானால் சமிக்ஞை தளர்ந்துவிடும். அதனால் கட்டளைகளை இடையில் வாங்கிக் கொடுக்கும் பதிவுச் சில்லு வைத்தது ஆர்டிம், தரவையும் அப்படியே கடத்துவது எல்ஆர்டிம். பெரிய பலகைகளை நிறையச் செருகப் பின்னது உதவும், விலைதான் அதிகம். இரண்டையும் ஒரே சர்வரில் கலக்க முடியாது. பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று முதலில் மலிவானதை வாங்கியவர், கூட்டும்போது எல்லாவற்றையும் கழற்ற நேரும்.

பிரெஞ்சில் படித்த நமக்கு ஒரு கொசுறு. 1955-இல் ஐபிஎம் பிரான்ஸ் கேட்டதற்கிணங்க, ழாக் பெரே என்ற பேராசிரியர் கணினிக்கு "ஓர்தினாத்தர்" என்று பெயர் சூட்டினார். உலகை ஒழுங்குபடுத்தும் இறைவனுக்கு வழங்கிய பழைய சொல் அது. நினைவகப் பலகைக்கு மட்டும் அவர்கள் ஊரில் "பாரெத்". பெண்கள் தலையில் குத்தும் கிளிப்புக்கும் அதே பெயர்தான்.