தமிழ் அரசியல் கைதிகளும் தனிமைச் சிறைக்கு எதிரான போராட்டங்களும்

இலங்கையில் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்ட தமிழ்க் கைதிகள், முடிவின்றி நீளும் மறியலையும் தங்களைப் பிரித்துக் கொண்டுபோகும் இடமாற்றங்களையும் எதிர்த்துப் பலமுறை உண்ணாவிரதம் இருந்திருக்கிறார்கள். ஒருவரை நீதிமன்றத்தில் நிறுத்தாமலே 18 மாதங்கள் வரை தடுத்து வைக்க இச்சட்டத்தின் 9ஆம் பிரிவு இடம் தந்தது. எங்கே, எந்த நிலைமையில் வைப்பது என்பதும் அமைச்சரின் விருப்பம். தனிமைச் சிறைக்கான கதவு அந்த வரியிலேயே திறந்து கிடக்கிறது.

2012 ஜூனில் வவுனியாச் சிறையிலிருந்து தமிழ்க் கைதி ஒருவர் பூசா தடுப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவரைத் திருப்பிக் கொண்டுவரக் கேட்டு, சக கைதிகள் சிறைக்காவலர்களைப் பிடித்து வைத்தார்கள். விசேட அதிரடிப் படை உள்ளே புகுந்தது. பிறகு வேறு சிறைகளுக்கு மாற்றப்பட்டவர்களில் கணேசன் நிமலரூபன் ஜூலை 4ஆம் திகதி உயிரிழந்தார். மாரடைப்பு என்றது அரசு. அடித்தே கொன்றார்கள் என்றது குடும்பம்.

2015 ஒக்டோபர் 12இல் பல சிறைகளில் ஒரே நேரத்தில் உண்ணாவிரதம் தொடங்கியது. ஜனாதிபதியின் வாக்குறுதியை நம்பி அதைக் கைவிட்டவர்கள், தீர்வு வராததால் நவம்பரில் மறுபடி தொடங்கினார்கள். அவர்களுக்கு ஆதரவாக வடக்கு கிழக்கில் ஹர்த்தால் நடந்தது. 2017இல் மூன்று கைதிகள், தங்கள் வழக்கை வவுனியாவிலிருந்து அநுராதபுரத்துக்கு மாற்றியதை எதிர்த்து உணவை மறுத்தார்கள்.

கைதியைக் குடும்பத்திலிருந்து பிரிக்கும் தூரமும் ஒரு தண்டனைதான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலுள்ள உன்னிச்சை போன்ற ஊரிலிருந்து கொழும்பு மகசீன் சிறைக்குப் பிள்ளையைப் பார்க்கப் போகும் தாய்க்கு, ஒருவழிப் பயணமே ஏறத்தாழ 300 கிலோமீற்றர்.

உண்ணாவிரதம் என்ற இந்தப் போராட்ட முறை பழையது. தனித்தனி அறைகளாகவே கட்டப்பட்ட அந்தமான் செல்லுலார் சிறையில் 1933இல் உண்ணாவிரதம் இருந்தவர்களில் மகாவீர் சிங் உட்பட மூவர், பலவந்தமாக உணவு புகட்டியபோது நேர்ந்த பாதிப்பால் மாண்டார்கள். கலிபோர்னியாவில் 2013இல் ஏறத்தாழ 30,000 கைதிகள் நீண்டகாலத் தனிமைச் சிறைக்கு எதிராக உணவை மறுத்தார்கள். 2015இல் வந்த வழக்கு உடன்பாடு, காலவரையறையற்ற தனிமையை அங்கே பெருமளவு கட்டுப்படுத்தியது. அதே ஆண்டு ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகள், தொடர்ந்து 15 நாட்களுக்கு மேற்பட்ட தனிமைச் சிறையைத் தடைசெய்கின்றன.

இலங்கையில் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு வந்த 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த 18 மாதங்களை 12 ஆகக் குறைத்தது. அது போதாது, இச்சட்டம் முழுதாக நீக்கப்பட வேண்டும்.