கார் ஆடியோ வயரிங் கோளாறுகள்

கார் ஆடியோ வயரிங் கோளாறு என்பது ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் ஆகியவற்றை பேட்டரியோடும் ஒன்றோடொன்றும் இணைக்கும் கம்பிகளில் நேரும் பழுது. பாட்டு விட்டுவிட்டுக் கேட்பது, இரைச்சல், ஃபியூஸ் போவது, ஆம்ப் தானாக அணைவது எல்லாம் இதன் அறிகுறிகள். புது ஸ்டீரியோ மாட்டியும் தொல்லை தீராவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது எர்த்தை, அதாவது வண்டியின் பாடியோடு சேரும் நெகட்டிவ் இணைப்பை.

சோதனை பேட்டரியில் தொடங்கும். முழு சார்ஜில், இன்ஜின் ஓடாதபோது, சுமார் 12.6 வோல்ட் இருக்கும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வரை. அடுத்து ஸ்டீரியோவின் பின்புறக் கப்ளர். கடையில் வாங்கிப் பொருத்தும் செட்டுகளில் மஞ்சள் வயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும், சிவப்பில் சாவியைத் திருப்பினால்தான் வரும், கறுப்பு எர்த். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருந்தால் வண்டியை அணைக்கும்போதெல்லாம் கடிகாரமும் சேமித்த ரேடியோ நிலையங்களும் அழிந்துவிடும். கம்பெனியே பொருத்திய வயரிங்கில் நிறங்கள் வேறுபடும். நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்புவதே நல்லது.

எர்த்தை ஓம் அளவில் பார்ப்பது பலரும் செய்யும் தவறு. இருபது இழைகளில் ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். இன்ஜினை ஓடவிட்டு, பாட்டைச் சத்தமாக வைத்து, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஆம்பின் எர்த் திருகிலும் வைத்து வோல்ட் பார்க்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைப்பு சரியில்லை. பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் போல்ட் போட்டு இறுக்குவதே தீர்வு.

ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் கீச்சொலி ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. டேஷ்போர்டிலுள்ள ஸ்டீரியோவும் டிக்கியிலுள்ள ஆம்பும் வெவ்வேறு இடங்களில் எர்த் எடுக்கும்போது, இரண்டுக்கும் இடையிலுள்ள சிறு வோல்ட் வேறுபாட்டால், ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்கு ஒலி சிக்னலைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளின் உறை வழியே மின்சாரம் பாயும். அந்தக் கேபிளை ஆம்பிலிருந்து கழற்றியதும் ஒலி நின்றால், அது அந்தக் கேபிள் வழியேதான் வருகிறது. ஃபில்டர் வாங்கி மாட்டுவது நோயை மறைப்பதே.

4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3 முதல் 4 ஓம் வரை காட்டும். ஸ்பீக்கர் வயருக்கும் பாடிக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. இக்காலச் செட்டுகளில் ஸ்பீக்கரின் நெகட்டிவ் வயர் எர்த் அல்ல; அது பாடியில் உரசினால் செட் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். கதவைத் திறந்து மூடும்போது ஒலி வந்து போனால், கீல் அருகே ரப்பர் குழாய்க்குள் வயர் முறிந்திருக்கலாம். இப்படி வயர்களைச் சோதிக்கும்போது, மஞ்சள் உறையிட்ட ஏர்பேக் வயர்களில் மீட்டரோ டெஸ்ட் லேம்ப்போ வைக்கக் கூடாது.

திரும்பத் திரும்ப ஃபியூஸ் போனால் பெரிய ஃபியூஸ் போடுவது ஆபத்து. ஃபியூஸ் காப்பது ஸ்டீரியோவை அல்ல, வயரை. அதனால்தான் ஆம்புக்குப் போகும் பவர் கேபிளின் முதன்மை ஃபியூஸை பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் பொருத்துகிறார்கள். அதற்கு முந்தைய பகுதி பாடியில் பட்டால், வயர் தீப்பற்றுவதைத் தடுக்க எதுவும் இல்லை.